முதல் பந்தியில் ஓர் இலை

இலையில் முதலில் ஜாங்கிரி வைத்தார்கள். சூடு ஆறாத ஜாங்கிரி. தண்ணீர் தெளித்த இலையில் அதன் பாகு மெல்லக் கசிந்து ஆரஞ்சு நிறத்தில் தேங்கி நின்றது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. காலையில் குடித்த பாலைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் சாப்பாட்டுக் கூடம். நீள மேஜைகள்மேல் வெள்ளைக் காகிதத்தை உருட்டி விரித்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது பறக்காமலிருக்கத் தண்ணீர் டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். என் இடப்பக்கம் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி. வலப்பக்கம் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர். எல்லோருக்கும் பரிமாறி முடியும்வரை கை வைக்கக் கூடாது என்று அம்மா பழக்கியிருந்ததால், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஜாங்கிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜாங்கிரி எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று சொல்லுமுன், நான் அந்தப் பந்திக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ரோஜாப்பூவுக்குள் ஒரு முகம்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த தோழி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "எல்லாம் சொன்ன, உங்கப்பா இன்னா வேலை செஞ்சாருன்னு சொல்லவே இல்லியே?"

அப்பா கல்யாண வீடியோ எடுப்பவர்.

தோளில் தூக்கி வைத்து எடுக்கும் பெரிய கேமரா அது. அப்பா போகுமிடமெல்லாம் அவர் பின்னாலேயே லைட்டைத் தூக்கிக்கொண்டு தேசிங்கு மாமா போவார். உறவில் மாமா இல்லை. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த லைட்டின் சூட்டில் மணப்பெண்களின் பவுடர் கரைந்து வழியும். ஐயர்கள் கண்ணை மூடிக்கொண்டே மந்திரம் சொல்வார்கள்.

ஜனங்களுக்கு அப்போது வீடியோ புதுசு. கேமராவைக் கண்டதும் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றுவிடுவார்கள். "நடங்க, பேசுங்க, இது ஓடற படம்" என்று அப்பா கெஞ்சுவார். அவர்கள் இன்னும் விறைப்பார்கள்.

கேசட்டில் ரோஜாப்பூ ஒன்று மெல்ல விரிய வேண்டும். அதற்குள்ளிருந்து மணப்பெண்ணின் முகம் வர வேண்டும். மாப்பிள்ளையின் முகம் இதயத்துக்குள் வரலாம், நட்சத்திரத்துக்குள்ளும் வரலாம். ரோஜாப்பூ மட்டும் இல்லையென்றால் பெண் வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிவிடும்.

இப்போது நான் இருப்பது திருவேற்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். எதிரே ஒரு மண்டபம். முகூர்த்த நாட்களில் ட்ரோன் ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டே எங்கள் பால்கனிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. துணி உலர்த்தக்கூடக் கூச்சமாயிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் அதைப் பிடித்துக் கழற்றிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போமே, அங்கே ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. நீலக் கவுனை மாட்டி, தலையை இழுத்துப் பின்னி, "அப்பா சொல்றதக் கேட்டுக்கினு ஓரமா இரு" என்று சொல்லி அனுப்பினாள். ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு போனேன். பின் சீட்டில் தேசிங்கு மாமா, மடியில் லைட்டுப் பெட்டி.

"இது யாரு, குட்டி வீடியோவா?"

பெண், பருத்திப்பட்டில் பல தலைமுறையாக இருக்கும் ஒரு குடும்பத்துப் பெண். பெயர் வசந்தி. ஏரிப்பக்கம் நிலம் வைத்து விவசாயம் பார்த்த வீடு அது. மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவருடைய பெரியப்பாதான் முன்னே நின்று எல்லாவற்றையும் நடத்தினார். நல்ல உயரம், நெற்றியில் சந்தனம், கையில் ஒரு கைக்குட்டை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தார்.

மணப்பெண் அறையில் அலங்காரத்தை எடுக்க அப்பா போனபோது நானும் போனேன். ஜடை தைத்துக்கொண்டிருந்தார்கள். தலையை அசைக்க முடியாமல் கண்ணாடி வழியாகவே வசந்தி அக்கா என்னைப் பார்த்தாள்.

"இது யாரு, குட்டி வீடியோவா?"

அறையே சிரித்தது. நான் அப்பாவின் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்ணும்மா. அவங்க அம்மா வேலைக்குப் போயிருக்கு" என்றார் அப்பா, வியூ ஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாப்டியாடி?"

இல்லையென்று தலையாட்டினேன். டிபன் நேரம் முழுக்க அப்பாவுக்கு மேடையில் வேலை இருந்தது. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ச் சாப்பிடத் தோன்றவில்லை. வசந்தி அக்கா தன் சித்தியைக் கூப்பிட்டாள்.

"சித்தி, தாலி கட்னதும் இத்த இட்டுக்கினு போயி மொதப் பந்தில உக்கார வை. மறந்துடாத."

சித்தி மறக்கவில்லை. கெட்டிமேளச் சத்தம் அடங்குமுன்பே என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

அப்படித்தான் நான் அந்த ஜாங்கிரியின் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

இலையை மாற்றினார்கள்

மாப்பிள்ளை வீட்டாரில் சிலருக்கு இடம் போதவில்லை. பெரியப்பா வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னருகில் வந்ததும் நின்றார்.

"நீ யார் வீட்டுப் பொண்ணு?"

கேட்டதில் கடுமை ஒன்றுமில்லை. எனக்கும் பதில் சொல்வதில் பெருமைதான். அந்த மண்டபத்திலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்த ஆள் என் அப்பா.

"வீடியோக்காரர் பொண்ணு."

"வேலைக்கு வந்தவங்க கடைசியில சாப்பிடணும். எழுந்திரு."

நான் எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று இல்லை, புரியவில்லை. பெரியப்பா என் மேல்கையைப் பிடித்துத் தூக்கினார். நாற்காலி பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது. அந்த இடத்தில் தங்கள் வீட்டார் ஒருவரை உட்கார வைத்தார். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த இலையை எடுத்துட்டு வேற போடு."

நான் அந்த இலையைத் தொடவே இல்லை. ஒரு பருக்கை, ஒரு துளி பாகு, எதையும் தொடவில்லை. அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லத் தெரியவில்லை. ஜாங்கிரியோடு இலை மடிக்கப்பட்டுக் கூடைக்குள் போனது. பட்டுப்பாவாடைச் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அப்போது என் முகம் சூடானது. வெட்கத்தில் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், லைட். பந்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருவர் விடாமல் எடுப்பது வழக்கம். அப்பா கேமராவோடு எனக்கு எதிரிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் பாதியைக் கேமரா மறைத்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவாகிறது என்று காட்டும் அந்த விளக்கு அணையவில்லை.

நான் கூடத்தின் மூலையில் இருந்த கை கழுவும் குழாயடிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன். தேசிங்கு மாமாவின் குரல் கேட்டது.

"மாமே, பாப்பாவ எழுப்பிட்டான்யா அந்தாளு. வுட்டுட்டு நிக்கிற?"

"லைட்டை நேராப் புடி" என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்தக் குரல் அப்பாவின் குரல்போலவே இல்லை.

"பாக்கட்டும்மா"

சற்று நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். கூடத்தின் முன்கோடியில் தனி மேஜை, இரண்டு பெரிய இலைகள். பெண் மாப்பிள்ளைக்கு ஊட்ட வேண்டும், மாப்பிள்ளை பெண்ணுக்கு ஊட்ட வேண்டும். கேசட்டில் ரோஜாப்பூவுக்கு அடுத்த முக்கியமான இடம் அது. அப்பாவும் தேசிங்கு மாமாவும் எதிரே போய் நின்றார்கள்.

வசந்தி அக்கா உட்கார்ந்தாள். பந்தியை ஒருமுறை பார்த்தாள்.

"உங்க பொண்ணு சாப்டுச்சாண்ணா?"

"அது அப்பாலிக்கா சாப்டும்மா. நீங்க சாப்பிடுங்க" என்றார் அப்பா.

தேசிங்கு மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "உக்காந்துகினு இருந்த கொயந்தைய எழுப்பிட்டாங்கம்மா. இலையக்கூட மாத்திட்டாங்க" என்று போட்டு உடைத்தார்.

வசந்தி அக்கா இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது வரட்டும்."

பெரியப்பா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "நேரமாகுதும்மா. அவங்களுக்கெல்லாம் கடைசியில போடுவாங்க, அதுதானே வழக்கம்."

"எங்க ஊட்ல உக்கார வெச்ச ஆள எழுப்பற வழக்கம் கெடையாது மாமா. இத்த உக்கார வெச்சது நானு. எழுப்பறதுன்னா என்னையும் எழுப்பிடுங்க."

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அக்காவின் அம்மா பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தினாள். "வசந்தி, கம்னு இருடி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்மா."

தாலி கழுத்தில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரே நின்றவர் அவள் வாழப்போகிற வீட்டின் பெரிய தலை. அவள் பேசியது அந்த வீட்டில் அவளுக்கு என்னவாக முடியும் என்று அவளுக்கும் தெரியாது, அங்கிருந்த யாருக்கும் தெரியாது. அத்தனை பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. அவர் எழுந்து தன் இலையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சாம்பார் காகிதத்தில் சிந்தியது. பரிமாறுகிறவரைப் பார்த்து, "இங்க ஒரு இலை போடுங்க" என்றார்.

தேசிங்கு மாமா லைட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு வந்து என்னைக் கூட்டிப்போனார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அழுகை நிற்கவில்லை. வசந்தி அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்:

"அழுதுகினே சாப்டா சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாப் பூடும்டி."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எனக்குப் புரையேறியது. மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் தெரியவில்லை.

மாலையில் திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரியோரம் அப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். தேசிங்கு மாமா பீடி பற்ற வைக்க ஒதுங்கினார். அப்பா கீழே இறங்கிப்போய் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்து, என் கவுன் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"கை வலிக்குதா?"

வலிக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. வீடு வரும்வரை ஒற்றைக் கையால் ஓட்டினார். இன்னொரு கை என் தோள்மேல் இருந்தது.

இரண்டு டெக்குகள்

வசந்தி அக்காவைப் பிற்பாடு ஆவடி மார்க்கெட்டில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். "அன்னிக்கு உங்களுக்குப் பயமா இல்லியாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பயமா? காலு வெடவெடன்னு ஆடிச்சுடி. மேஜைக்கு அடில இருந்ததால யாருக்கும் தெரியல." பிறகு கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு ராத்திரி அவரு சொன்னாரு, நீ எழுந்திருந்தா நானும் எழுந்து வந்திருப்பேன்னு. அந்த ஒரு வார்த்தைல குடும்பம் நடத்திட்டேன்."

கல்யாணத்தன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னது நான்தான். அம்மா அப்போது சத்தம் போடவில்லை. அப்பா எடிட்டிங்குக்கு உட்காரும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு டெக்குகள் இருந்தன. ஒன்றில் எடுத்த கேசட் ஓடும், மற்றொன்றில் புதுக் கேசட்டில் பதிவாகும். வேண்டாத இடம் வந்தால் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டும். பந்தி வந்தது. இலைகள், கைகள், சிரிப்புகள். அப்புறம் நீலக் கவுன்.

என்னை நான் டிவியில் பார்ப்பது அதுவே முதல் முறை. எவ்வளவு சின்னப் பெண்! குனியும் பெரியப்பா, என் மேல்கையில் விரல்கள், நகரும் நாற்காலி, மடிக்கப்படும் இலை, எல்லாம் இருந்தது. லைட் பளிச்சென்று விழுந்திருந்தது. அப்பா பொத்தானை அமுக்கினார். படம் கோடு கோடாக நடுங்கி நின்றது.

"அத்த எடுக்காதீங்க" என்றாள் அம்மா. "அப்டியே வைங்க. அவங்க சொந்தக்காரங்க மொத்தமும் உக்காந்து பாக்கட்டும், அந்தாளு யோக்யதைய."

எனக்கும் அம்மா பக்கம்தான் மனசு. அந்த ஆளை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன்.

"இத்த வெச்சா, கேசட் போடும்போதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு அந்த ஊட்ல சண்டை" என்றார் அப்பா.

"அதுக்காக?"

"நம்ம பொண்ணு அழுவறது அவங்க டிவில காலம்பூரா ஓடணுமா?"

அம்மா திரையில் நின்ற என்னைப் பார்த்தாள். "அப்ப அந்தாளு பண்ணதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"தெரியல" என்றார் அப்பா.

உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் அந்தக் கோடு விழுந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு, மணமக்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்து சாப்பிடும் இடத்திலிருந்து பதிவைத் தொடர்ந்தார். எடுத்த கேசட்டில் அடுத்த முகூர்த்தத்துக்கே வேறொரு கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டார். அந்தக் காட்சி இப்போது உலகத்தில் எங்கும் இல்லை.

கேசட் வாங்க வந்தவர்

மழை வரும்போலிருந்த ஒரு சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரியப்பா தனியாக வந்திருந்தார். சந்தனம் இல்லாத நெற்றி. கையில் அதே மாதிரி கைக்குட்டை.

"கேசட் ரெடின்னு சொன்னாங்க. ஒருதரம் போட்டுப் பார்த்துடலாமா?"

எல்லோரும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிப்போவார்கள். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் டிவிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. காபி தரப்போவதில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

ரோஜாப்பூ விரிந்தது. வசந்தி அக்கா வந்தாள். தாலி கட்டினார்கள். பெரியப்பா எதற்கும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடம் வந்ததும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கைக்குட்டையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார். திரையில் இலைகள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த இடம் நெருங்கியது. அவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்து மணமக்கள். நடுவில் நான், கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தேன். பின்னணியில் நாதஸ்வரம்.

அவர் திரையில் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதாங்க" என்றார் அப்பா.

"நடுவுல... பந்தியில..."

"அங்க லைட் சரியா விழலீங்க. நல்லா வந்தத மட்டும் வெச்சிருக்கேன்."

கேசட் முடிந்து திரை நீலமாக மாறியது. அப்பா டெக்கின் பக்கம் திரும்பிக்கொண்டு, தேவைக்கு அதிகமான நேரம் எடுத்துக் கேசட்டை உறையில் போட்டார். சமையலறையில் பம்ப் ஸ்டவ் பற்றும் சத்தம் கேட்டது. அம்மா காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "சக்கரை போதுமான்னு பாருங்க" என்றாள். அவர் குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

"உன் பேரு என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"கலைச்செல்வி."

"நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். கேசட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கியவர், என்ன நினைத்தாரோ, நின்று திரும்பினார்.

"கலைச்செல்வி, நான் போயிட்டு வரட்டுமா?"

பெரியவர்கள் பெரியவர்களிடம் விடைபெறும் விதம் அது. அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தேன். காலி டம்ளரோடு நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார். தூறல் அவர் சட்டைத் தோளில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வாங்க" என்றேன்.